ஆள் யாரும் வரவில்லை

மழை பிடித்துக்கொண்டால் மெத்தைக்காரர் வீட்டில் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பஞ்சுக்கு ஈரம் ஆகாது. பொடிப்பொடியாக அடித்துப் பறக்கவிட்டதைக்கூட ஓர் ஈரக்காற்று வந்து கட்டி கட்டியாக உட்காரவைத்துவிடும். அப்படிக் கட்டி தட்டினதை உறைக்குள் திணித்துக் கொடுத்தால், வாங்கிப்போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் வந்து நிற்பார். அதனால் அடைமழைக் காலத்தில் புது மெத்தைக்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பழைய மெத்தைகளைப் பிரித்து, உறை மாற்றி, ஓரம் தைத்துக் கொடுப்பதோடு சரி. உறை, ஓரத் தையல் முழுக்க மெத்தைக்காரம்மாவின் பொறுப்பு. எங்கள் தெருவில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

முன்னால் கடை. அதற்குப் பின்னால் பஞ்சு அடிக்கிற மெஷின் இருக்கும் தகரக் கொட்டகை. அதைத் தாண்டி சமையல்கட்டும் குளியலறையும். மாடியில் ஒரே ஒரு அறை, அது மகளுக்கு. மகள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். தெருவுக்கு அவள் டாக்டர், வீட்டுக்குப் பாப்பா. அவளுக்கு மூத்தவன் அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொண்டான். அவனைப் பெரியவன் என்பார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் பாப்பாவின் மேல் மெத்தைக்காரம்மாவுக்குச் சந்தேகம் விழுந்தது. ஆரம்பித்து வைத்தது ஒரு வெள்ளைக் கோட்டு.

முந்தைய வருஷம் வரை பாப்பாவின் கோட்டைத் துவைப்பது பெரிய வேலை. பையில் பேனா மை, கைமடிப்பில் மருந்தின் மஞ்சள் கறை, மொத்தத் துணியிலும் ஆஸ்பத்திரி வாடை. ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் கை எரியும். இப்போது கோட்டின் முன்பக்கம் இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்தது போலவே திரும்பி வந்தது. பின்பக்கத்தில் மட்டும், சாய்ந்து உட்காருகிறவர்களின் துணியில் படிகிற மாதிரி, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை அழுக்கு.

வாளிக்குப் பக்கத்தில் கோட்டைப் பிடித்தபடி அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஈரக்கையோடு கொட்டகைக்குப் போனார். பெரியவன் மெஷினை நிறுத்திவிட்டுப் பட்டையில் சிக்கின நூலை எடுத்துக்கொண்டிருந்தான்.

“ஏன்டா, பாப்பா கோட்டப் பாத்தியா?”

“கோட்டுல என்ன?”

“முன்னாடி அழுக்கே இல்ல. பின்னாடிதான் இருக்கு.”

“பஸ்ஸுல சாஞ்சு உக்காந்திருப்பா.”

“பஸ்ஸுல எங்கடா கோட்டு போடுறா? பையில மடிச்சு வெச்சுத்தானே கொண்டுபோறா.”

பெரியவன் மூக்கில் கட்டியிருந்த துணியைக் கீழே இறக்கினான். புருவமெல்லாம் பஞ்சு ஒட்டி, இருபத்தைந்து வயதுக்காரன் கிழவன் மாதிரி இருந்தான்.

“அப்ப எங்கயோ போயி உக்காந்துக்கிட்டு இருக்கா.”

“எங்கடா?”

“எங்கன்னு கேக்காத. யாரோடன்னு கேளு.”

அம்மா அதுவரை மனசுக்குள் ஒதுக்கி ஒதுக்கி வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வெளியே வந்தது.

“போன எப்பவும் குப்புறத்தான் வெக்கிறா. நான் பக்கத்துல போனா சட்டுன்னு அமத்துறா. குளிக்கப் போனா தண்ணி விழற சத்தமே கேக்கல, சிரிப்புச் சத்தம்தான் கேக்குது. கதவத் தட்டினா, இதோ வந்துட்டேன்கிறா. தல காஞ்சபடியே வெளிய வர்றா.”

“நான் எப்பவோ கண்டுபிடிச்சிட்டேன். சொன்னா, தங்கச்சி மேல பொறாமைன்னு நீயே சொல்லுவ.”

“அப்பாகிட்ட வாயத் திறந்துடாத.”

“திறந்தா மட்டும்? அவரு காதுல போட்டுக்கவா போறாரு.”

அது உண்மைதான். மெத்தைக்காரருக்கு மகள் பேச்சை எடுத்தாலே நெஞ்சு ஒரு பிடி விரியும். முதுகுவலி என்று மெத்தை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், “கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க. மெத்தையும் நாங்களே குடுப்போம், மருந்தும் நாங்களே குடுப்போம்” என்பார். கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே மனப்பாடம் ஆன பேச்சு. இருந்தாலும் அவர் சொல்லும்போது எல்லோரும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்போம்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் முட்டைக் குழம்பும். வெளியே தகரத்தில் மழை கொட்டியது. பாப்பா வலது கையால் சாப்பிட்டாள், இடது கை மேஜைக்கு அடியில் இருந்தது. தோள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

“என்ன பாப்பா, இன்னிக்கு வார்டுல என்ன விசேஷம்?” மெத்தைக்காரர் தினமும் கேட்கிற கேள்வி.

“வழக்கம்போலதான்பா. காலு வீங்கி ஒருத்தர் வந்தாரு. அமுக்கினா குழி விழுது. இதயத்துல பிரச்சனையாம்.”

“பாத்தியா! வீங்கினது காலு, பிரச்சன நெஞ்சுல!” அவர் பெருமையோடு மனைவியைப் பார்த்தார்.

மெத்தைக்காரம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார். “அவருக்கு இன்னும் சரியாகலையா?”

பாப்பாவின் கை தட்டிலேயே நின்றது. “யாருக்கு?”

“கால் வீங்கினவருக்கு. போன மாசமும் அவரப் பத்தித்தானே சொன்ன. குழி விழுதுன்னு.”

“அது வேற ஆளும்மா.”

“ஓகோ.”

“கால் வீங்குறது ஊருல ஒருத்தருக்குத்தான் வருமா?” பாப்பா பாதிச் சோற்றை விட்டு எழுந்துபோனாள். பெரியவன் அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். மெத்தைக்காரர், “படிக்கிற புள்ளய நோண்டாத” என்று சொல்லிவிட்டு மகள் மிச்சம் வைத்த முட்டையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

பாப்பாவோடு படிக்கிற பெண் ஒருத்தி முன்பெல்லாம் அடிக்கடி வீட்டுக்கு வருவாள். தடிமனான கண்ணாடி போட்டிருப்பாள், வந்தால் பஞ்சு மூட்டைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு படிப்பாள். சில மாதங்களாக அவளைக் காணோம். நூல்கண்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போன மெத்தைக்காரம்மா, பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்துவிட்டார். பிடித்துக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

“என்னம்மா, வீட்டுப் பக்கமே வர்றதில்ல?”

“படிப்பு ஆன்ட்டி.”

“பாப்பாவோட சண்டையா?”

“அதெல்லாம் இல்ல.” அவள் பஸ் வருகிற திசையையே பார்த்தாள்.

“உன்ன எம்பொண்ணு மாதிரி நெனச்சுக் கேக்குறேன். அவளுக்கு யாரோடயாவது பழக்கமா?”

கண்ணாடிக்காரப் பெண்ணுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது போன இடம் தெரியவில்லை. “பழக்கம்தான் ஆன்ட்டி. ஆனா நீங்க நெனைக்கிற பழக்கம் இல்ல.”

“பின்ன? குடியா? மாத்திரையா?”

“ஐயோ, அவகிட்டயே கேளுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் அவள வேவு பாக்குறேன்னு ஏற்கெனவே என்கூடப் பேசறதில்ல.”

பஸ் வந்ததும் அந்தப் பெண் ஏறிப்போய்விட்டாள். ஓர் ஆணைப் பற்றி மட்டும் பயந்துகொண்டு வந்த மெத்தைக்காரம்மா, இன்னும் பெரிதாக ஒன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் நூலை வீசிவிட்டு மாடிக்குப் போனார். அலமாரி, புத்தகங்களுக்குப் பின்னால், செருப்புப் பெட்டி, தலையணை உறை என்று எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது கை மெத்தையைத் தடவியது. மறைக்கிறவர்கள் மெத்தைக்குள்தான் மறைப்பார்கள். பிரித்த பழைய மெத்தைகளில் அவர் பார்க்காததா? கொண்டையூசியிலிருந்து காதல் கடிதம் வரை எல்லாமே வந்திருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்துவந்து ஓரத்தைப் பிரித்தார். முழங்கை வரை உள்ளே விட்டு மூலை மூலையாகத் துழாவினார். வெறும் பஞ்சு. பழையபடி தைத்து, தட்டிச் சமப்படுத்தி, விரிப்பை இழுத்துவிட்டுக் கீழே வந்தார்.

பாப்பா வீடு திரும்பி மாடிக்குப் போன கையோடு படியிறங்கி வந்தாள்.

“யாரு என் மெத்தையப் பிரிச்சது?”

மெத்தைக்காரம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார். “நான்தான்.”

“எதுக்கு?”

“மூட்டப்பூச்சி.”

“கெடச்சுதா?”

“இல்ல.”

அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பா படிப்பக்கம் திரும்பினாள். “நல்லா தேடு. இன்னும் தலகாணி பாக்கி இருக்கு” என்று சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைத் தாழ்போட்டாள்.

மறுநாள் காலையில் பாப்பா கிளம்பினதும், முழங்கால் வலிக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு மெத்தைக்காரம்மாவும் கிளம்பினார். “பாப்பாகிட்ட சொல்லு, வரிசையில நிக்காம உள்ள கூட்டிப்போவா” என்றார் அவர். “சொல்றேன்” என்று மெத்தைக்காரம்மா குடையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து, கல்லூரியோடு ஒட்டிய பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கினார். வெளிநோயாளிகள் கூடம் ஜனத்தால் நிரம்பி வழிந்தது. ஈரக்குடைகள் சொட்டின தண்ணீரில் தரை வழுக்கியது. ஒருத்தி துடைப்பத்தால் தள்ளத் தள்ள, பின்னாலேயே நூறு கால்கள் சேற்றைக் கொண்டுவந்து போட்டன. ஒலிபெருக்கி எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மெத்தைக்காரம்மா ஒரு தூணை ஒட்டின பெஞ்சில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டு முகத்தைப் பாதி மூடிக்கொண்டார். பாப்பா எந்தப் பக்கம் போயிருப்பாள், மாடி வார்டுக்கா, வெளிவாசலுக்கா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணில் பட்டாள்.

கழிப்பறையிலிருந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். மாடிப்படியைக் கடந்தாள். கூடத்தின் கடைசியில், சுவரில் சார்ஜர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒயரைச் செருகினாள். சுவரில் சாய்ந்தாள். போனை எடுத்தாள்.

‘இங்கதான் வருவானா?’ என்று மெத்தைக்காரம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

வருகிறவர்கள் எல்லோரையும் அளந்தார். சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் பாப்பாவை நோக்கி நேராக நடந்தான். அம்மாவின் கை குடைக்கம்பியை இறுக்கியது. அவன் குனிந்து ஏதோ கேட்டான். பாப்பா நிமிராமலே ஒரு பக்கம் கையைக் காட்டினாள். அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். பிறகு கையில் கட்டுப் போட்ட வயசானவர் ஒருத்தர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இவனா, இந்த வயசிலா என்று அம்மாவுக்குத் தலை சுற்றியது. அவர் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்துபோய்விட்டார். டாக்டர் உட்கார்ந்திருக்கிறார் என்று ஜனங்கள் அந்தப் பெஞ்சில் கொஞ்சம் இடம்விட்டே உட்கார்ந்தார்கள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மெத்தைக்காரம்மாவுக்குப் பசித்தது. நிஜமாகவே முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. பாப்பா அசையவில்லை. அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கவலையும் இல்லை. கட்டைவிரல் மட்டும் மேலே தள்ளிற்று, நின்றது, மறுபடி தள்ளிற்று. யாருக்காகவாவது காத்திருக்கிறவள் நடுவில் ஒருதரமாவது வாசலைப் பார்க்கமாட்டாளா? ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. மெத்தைக்காரம்மாவுக்கு இதுதான் பயத்தைக் கிளப்பியது.

அப்போது ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாப்பாவிடம் ஓடினாள்.

“டாக்டரம்மா, புள்ள மூச்சுக்குத் தவிக்குது. கொஞ்சம் பாருங்களேன்.”

பாப்பா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டோக்கன் போட்டீங்களா?”

“போட்டேன்மா. வரிசையில நிக்கச் சொல்றாங்க.”

“அப்ப நிக்கணும்.”

“நிக்க முடியலையேம்மா, ஒருதரம் பாருங்க.”

“நான் டூட்டியில இல்லைங்க. அங்க கேளுங்க.”

தூணுக்குப் பின்னால் இருந்த மெத்தைக்காரம்மாவுக்கே அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. விசில் மாதிரி. குழந்தையின் விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது, உதடு கறுத்திருந்தது. அவர் எதற்கு வந்தோம் என்பதை மறந்தார். குடை எங்கோ விழுந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடினார்.

“சிஸ்டர்! சிஸ்டர், இங்க வாங்க! புள்ளயப் பாருங்க!”

மேஜையில் இருந்த நர்ஸ் ஒரு பார்வை பார்த்ததும் எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடுகிற வழியில் கடைசிப் பெஞ்சைப் பார்த்து, “பக்கத்துலதானே டாக்டர் உக்காந்திருந்தீங்க?” என்று கத்திவிட்டுப் போனாள்.

பாப்பா நிமிர்ந்தாள். கூடம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், தலைத்துண்டு நழுவி அம்மா நின்றார்.

பாப்பா போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“என் பின்னாடியே வந்தியா?”

“ஆமா, வந்தேன்.”

“எதுக்கு?”

“யாரு வர்றான்னு பாக்க.”

“யாரும் வரல.”

“அதத்தான் நானும் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

நர்ஸ் போன கதவுக்கு வெளியே இருவரும் நின்றார்கள். உள்ளே போகப் பாப்பாவுக்கு உரிமை இருந்தது, கோட்டு போட்டிருந்தாள். போகவில்லை. வெகு நேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்து, “புகை மருந்து குடுத்தாச்சு, மூச்சு சீராயிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்தான்” என்றாள். பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தச் சத்தம் எனக்குக் கேக்கவே இல்லம்மா” என்றாள். “பக்கத்துல இருந்துக்கிட்டே கேக்கல.”

இருவரும் பஸ் பிடித்து வீடு திரும்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நடந்ததைக் கொட்டகையிலேயே சொன்னார். மெஷின் நின்றது. பெரியவன் நேராகத் தங்கையிடம் வந்து கையை நீட்டினான்.

“போனக் குடு.”

அவள் கொடுத்துவிட்டாள். திறக்கிற எண்ணையும் சொன்னாள். அதை அவன் எதிர்பார்க்கவில்லை. பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து தேட ஆரம்பித்தான். அழைப்புகளில் அம்மாவும் அப்பாவும்தான். செய்திகளில் கல்லூரி அறிவிப்புகள், திறந்துகூடப் பார்க்காதவை. படங்களில் எதுவும் இல்லை. பார்த்ததெல்லாம் சின்னச்சின்ன வீடியோக்கள். யாரோ தரைவிரிப்பைக் கழுவுகிறார்கள். யாரோ கேக்கை வெட்டுகிறார்கள். அதிகமாக இருந்தது ஒரே மாதிரி வீடியோதான். மேஜை விளக்குக்குக் கீழே ஒரு பெண்ணோ பையனோ தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். பேச்சில்லை, பாட்டில்லை. பக்கம் புரட்டுகிற சத்தம்தான்.

“என்ன இது?”

“படிக்கிறாங்க” என்றாள் பாப்பா.

“அது தெரியுது. இத எதுக்கு நீ பாக்குற?”

“பாத்தா, நானே படிக்கிற மாதிரி இருக்கும்.”

“யாருகிட்டடி கத விடுற? எல்லாத்தையும் அழிச்சிட்டு வந்து நிக்கிற. அவன் பேரச் சொல்லு.”

“அவன்னு ஒருத்தன் இல்லண்ணா.”

“அவன் இல்லாம எவளாவது சோறு தண்ணி மறந்து உக்காந்திருப்பாளா?”

மெத்தைக்காரம்மா மகள் பக்கத்தில் போய் நின்றார். “நெசமாவே யாரும் இல்லையா பாப்பா?”

“யாருமே இல்லம்மா.”

அவர் கீழே உட்கார்ந்தார். ஒருத்தன் இருந்திருந்தால் அவன் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம், கட்டிக்கூட வைத்திருக்கலாம். இப்போது யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

மெத்தைக்காரர் கொட்டகையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தார். நீள ஊசியை மெத்தைக்குள் செலுத்தி, அடுத்த பக்கம் இழுத்து, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முடிச்சை வெட்டிவிட்டுக் கேட்டார்.

“அந்தக் கொழந்த நல்லாருக்குதா?”

“நல்லாருக்குப்பா.”

“அது போதும்.” ஊசியைக் கீழே வைத்தார். “எவ்வளவு நாளா வார்டுக்குப் போகல?”

பாப்பா கோட்டின் பொத்தானைத் திருகினாள். “ஒரு நாள், எல்லார் முன்னாடியும் ஒரு நோயாளி நெஞ்சுல குழாய வெச்சு என்ன சத்தம் கேக்குதுன்னு சொல்லச் சொன்னாரு சார். எனக்கு ஒண்ணுமே கேக்கலப்பா. கேக்கலன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த நோயாளியும் சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து வீடியோவுல கேட்டேன், தெளிவா கேட்டுச்சு. அப்புறம் எல்லாத்துக்கும் வீடியோ பாத்தேன். அதுல எல்லாமே புரிஞ்சுது. வார்டுக்குப் போனா ஒண்ணும் புரியல. அதனால புரியற எடத்துலயே இருந்துட்டேன். மொதல்ல பாடம்தான் பாத்தேன். நடுவுல கொஞ்சம் ஓய்வுக்குன்னு வேற எதுவோ. அப்புறம் வேற எதுவோதான் எல்லாம். நாளைக்கு விட்டுடலாம்னு தெனமும் நெனச்சுத்தான் பஸ் ஏறுவேன். அந்தப் பெஞ்சு வரைக்கும்தான் கால் போகும்.”

“பரீட்சை?”

“எழுத விடமாட்டாங்கப்பா. வருகை பத்தாது.”

மெத்தைக்காரர் தலையை ஆட்டினார். பிறகு, “அப்ப அந்தக் கால் வீங்கினவரு?” என்றார்.

“அவரு போன வருஷம் வந்தவருப்பா.”

“நல்லாயிட்டாரா?”

“தெரியலப்பா.” பாப்பா அப்போதுதான் அழுதாள்.

பெரியவன் போனைத் தரையில் ஓங்கி அடிக்கப் போனான். அம்மா பிடுங்கிக்கொண்டார். “ஒடச்சா வேற வாங்கலாம்டா. இத ஒடச்சு என்ன ஆகப்போகுது?” பெரியவனுக்கு அடங்கவில்லை. ஒரு வாரம் கழித்து அதே போனை அம்மாவிடம் கேட்டு வாங்கிப்போய், பழுதுபார்க்கிற நண்பனிடம் கொடுத்து, அழித்ததை எல்லாம் தோண்டி எடுக்கச் சொன்னான். அவனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பெயர் கிடைத்திருந்தால் பெரியவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

மெத்தைக்காரர் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு மகளோடு கல்லூரிக்குப் போனார். துறைத் தலைவராக இருந்த அம்மையார் பாப்பாவைத் திட்டவில்லை. “இவ ஒருத்தி இல்லைங்க. இந்த வகுப்புலயே இன்னும் சிலர் இருக்காங்க. வீட்டுல கண்டுபிடிக்கல, அவ்வளவுதான்” என்றார். ஒரு வருஷம் பின்தங்கி, ஜூனியர்களோடு உட்காரவேண்டும். நடுவில் மனநலப் பிரிவில் தவறாமல் காட்டவேண்டும். வீட்டில் இதைக் கேட்ட பெரியவன், “போன் பாக்குறதுக்கெல்லாமா டாக்டர்?” என்றான். அன்றைக்குச் சாயங்காலம் முதுகுவலிக்காரர் ஒருவர் வந்து, “என்னங்க, பொண்ணு எப்ப மருந்து குடுக்கப்போகுது?” என்று மெத்தைக்காரரின் பேச்சையே திருப்பிக் கேட்டார். மெத்தைக்காரர் அளவுகோலைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார். வெகு நேரம் திரும்பி வரவில்லை.

போன் இரும்பு அலமாரிக்குள் போயிற்று. சாவியை அம்மா கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். முதல் நாட்கள் கொடுமையாக இருந்தன. பாப்பாவுக்குத் தூக்கம் இல்லை, உட்கார முடியவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். “என்னத் திருடி மாதிரி வெச்சிருக்கீங்க” என்பாள். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து, “சாவிய நான் கேட்டாலும் குடுக்காத” என்பாள். சும்மா இருந்தால் விரல் பரபரக்கிறது என்று கொட்டகையில் உட்கார்ந்து, பழைய பஞ்சிலிருந்து கறுத்த கட்டிகளைப் பொறுக்கிப் போட்டாள். பொறுக்கும்போதும் கட்டைவிரல் இடையிடையே வெறும் காற்றைத் தள்ளிற்று.

ஒருநாள் மத்தியானம் பெரியவன் தன் போனைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்கினான். மெத்தைக்காரம்மா நேராகப் பஞ்சு மூட்டைகளின் சந்துக்குப் போனார். பாப்பா அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகத்தில் வெளிச்சம். அம்மாவைப் பார்த்ததும் போனை நீட்டினாள்.

“நான் தேடிப்போகலம்மா. மேஜ மேல இருந்துச்சு. கை எடுத்துருச்சு.”

அம்மா கத்தவில்லை. சந்துக்குள் தானும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே பெரியவன் தேடி அலைகிற சத்தத்தைக் கேட்டபடி இருவரும் கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு, “மெஷின் மேல கெடந்துச்சுடா” என்று போனைக் கொண்டுபோய் மகனிடம் கொடுத்தார். பெரியவன் போனையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தான். அன்றிலிருந்து அம்மாவும் அவனுடைய சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்.

மனநல டாக்டர் மெத்தைக்காரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். “பூட்டி வெக்கிறது ஆரம்பத்துக்குச் சரி. ஆனா வேவு பாக்கறத விட்டுடுங்க. நம்மள நம்பறாங்கன்னு அவளுக்குத் தெரியணும்.”

“நம்பலையே டாக்டர்.”

“நம்பற மாதிரியாவது இருங்க.”

“வேவு பாக்காம அம்மாவா இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியலைங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். மெத்தைக்காரம்மா சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அடுத்த வருஷத்து வகுப்பு தொடங்கியது. பாப்பா ஜூனியர்களோடு வார்டுக்குப் போக ஆரம்பித்தாள். கையில் பேச மட்டும் உதவுகிற பழைய பொத்தான் போன். சில நாட்கள் முகம் தெளிவாக வந்தாள், சில நாட்கள் கல்லாக வந்தாள். ஒருநாள், “இன்னிக்கு ஒருத்தர் நெஞ்சுல அந்தச் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தரம் வெச்சுப் பாத்தேன். சார்கிட்ட சொன்னேன், சரின்னாரு” என்றாள். இன்னொரு நாள் கேட்காமலே, “இன்னிக்கு மத்தியானம் நூலகத்துல கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டேன்” என்று ஒப்புக்கொண்டாள். அவள் சொல்வது எல்லாமே மெய்தானா, சொல்லாதது எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் மெத்தைக்காரம்மாவின் மனசு கணக்குப் போட்டது. வெளியே கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒருநாள் விடியும்போதே தூறல். பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி நின்றாள்.

“அம்மா, போன வாரம் ரெண்டு நாள் என் பின்னாடி வந்தேல்ல?”

மெத்தைக்காரம்மாவுக்குப் பொய் வாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டது. “வந்தேன்.”

“இன்னிக்கு வராத.”

“ஏன், இன்னிக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல. வராத, அவ்வளவுதான்.”

“சரி, வரல.”

பாப்பா குடையை விரித்துக்கொண்டு போனாள். மெத்தைக்காரம்மா உறைத்துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோர்த்தார். ஓரத்தில் நாலு தையல் போட்டார், கோணலாகப் போயிற்று, பிரித்தார். ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு வராதங்கிறா? மறுபடி தைத்தார். மறுபடி கோணல். துணியை ஒதுக்கிவிட்டு எழுந்து, குடைகூட எடுக்காமல் பின்வாசல் வழியாக வெளியே போனார்.

பஸ் நிறுத்தத்தில் பாப்பா இல்லை, போய்விட்டிருந்தாள். அடுத்த பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஏறினவர்கள் ஏறினார்கள், இறங்கினவர்கள் இறங்கினார்கள். மெத்தைக்காரம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார். முகத்தில் தூறல் விழுந்தது.

“ஏறுறீங்களாம்மா?” நடத்துனர் கேட்டார்.

மெத்தைக்காரம்மா பஸ்ஸின் படியைப் பார்த்தார்.

“எல்லாரும் காத்திருக்காங்கம்மா. ஏறுறதுன்னா ஏறுங்க.”

அவர் கம்பியை விட்டார். “இல்ல, போங்க.”

பஸ் கிளம்பி, திருப்பத்தில் மறைகிற வரை அங்கேயே நின்றார். பிறகு நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார். மெத்தைக்காரர் கடைவாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க போன?”

“எங்கயும் போகல.”

அவர் மனைவியின் ஈரத் தலையைப் பார்த்தார். சேறு அப்பின பாதங்களைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கேட்காமல், கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.